பள்ளம் நிரப்புதல்

ஒரு துளிக்கு நான் கொடுக்கும் ஆயுள்
அறுபத்துநான்கு எட்டு.
அதற்குள் அது சரிவில் இறங்க வேண்டும்,
கொஞ்சம் மண்ணை அரித்துத் தூக்க வேண்டும்,
வேகம் குறையும் இடத்தில் இறக்கிவைத்துவிட்டு
ஆவியாகிவிட வேண்டும்.
இப்படி ஐந்து லட்சம் துளி.
சரவணம்பட்டி, ஏழாவது மாடி.
ஏசிக்குச் சால்வை போர்த்திக்கொண்டு
மழை பெய்விக்கிறேன்.

கேட்டவர்கள் ஓஸ்லோவில் இருக்கிறார்கள்.
அவர்கள் விளையாட்டுக்கு ஒரு தீவு வேண்டும்,
யாரும் குடியிருக்காத தீவு.
நேற்றுவரை மலை பிசைந்த மாவுபோல இருந்தது.
இன்றைக்குச் சுருக்கம் விழுந்துவிட்டது.
"இன்னும் ரெண்டு லட்சம் வருசம் ஏத்து" என்றான் டெனிஸ்.
ஏற்றினேன்.
டீ ஆறவில்லை.

சோதனைக்கென்று
நொய்யலின் உயரக் கணக்கை இறக்கிவைத்திருக்கிறேன்.
இலவசம். வானத்திலிருந்து அளந்தது.
வெள்ளியங்கிரி வெள்ளை,
கிழக்கே போகப்போகச் சாம்பல்,
காவிரியைத் தொடும் மூலையில் கறுப்பு.
மழையை விடுமுன் மென்பொருள் கேட்கும்:
பள்ளங்களை நிரப்பவா?

தண்ணீர் போய் நின்றுவிடும் இடமெல்லாம்
அதற்குப் பிழை. தரவில் விழுந்த ஓட்டை.
ஆம் என்றால்
சூலூர்க் குளம் பிழை, சிங்காநல்லூர் பிழை,
உக்கடம் பெரிய பிழை.
ஒரே நொடியில் எல்லாம் சமம்.
நாங்கள் இதைச் செய்ய
நாற்பது வருசமும் கணக்கில்லாத லாரியும் ஆயிற்று.

எங்கள் பக்கம் பள்ளம் என்றால் குழி இல்லை.
மழைக்கு மழை தண்ணி போகும் தடம்.
பத்து மாசம் காய்ந்து கிடக்கும்,
வேலிக்காத்தான் முளைக்கும்,
பஸ் ஸ்டாப்புக்குப் பெயராக இருக்கும்.
"பள்ளத்துல எறங்கறவங்க வாங்" என்பார் கண்டக்டர்.
இறங்கினால் தார் ரோடு.

நேற்று ராத்திரி
வேண்டாம் என்று அழுத்திவிட்டு மழையை விட்டேன்.
முதலில் மயிரிழை. பிறகு நூல்.
சூலூருக்குத் தெற்கே இரண்டு நூல் சேர்ந்து கயிறானது.
அந்தக் கயிறு போன வழியை
பெரிதாக்கிப் பார்த்தேன்,
அப்புறம் லேஅவுட் வரைபடத்தை மேலே போட்டேன்.

ஒரு கட்டம் முப்பது மீட்டர்.
அதில் எட்டு மனை அடங்கும்.
நாற்பத்தேழு என்னுடையது.
இன்னும் நூற்றுப் பதினொரு தவணை இருக்கிறது.

நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன்.
"பள்ளமா? அது வண்டித்தடமுங்.
மழையே பேயறதில்ல, நீங்க எதுக்குங் பயப்படறீங்?"
அவர் சொன்னதிலும் தப்பில்லை.
என் தீவில் பெய்வதில் ஆறில் ஒரு பங்குகூட
எங்கள் காட்டில் பெய்யாது.

தூரிகையை எடுத்தேன்.
என் கட்டத்தை மட்டும் இரண்டு மீட்டர் உயர்த்தினேன்.
தண்ணீர் முட்டியது, தயங்கியது,
கிழக்கே அடுத்த கட்டத்துக்குள் புகுந்தது.
அங்கே முப்பத்தொன்பது:
பேன்சி ஸ்டோர் ஜமீலாவின் மனை.
நான்தான் சேர்த்துவிட்டேன்.
ஆள் சேர்த்ததற்கு
ஒரு கிராம் தங்கக் காசு கொடுத்தார்கள்.

கண்ட்ரோல் இசட்.
மண் இறங்கியது.
தண்ணீர் யாரையும் கேட்காமல்
தன் வீட்டுக்குத் திரும்பியது.

தீவை அனுப்பியாகிவிட்டது.
ஆறு மிக இயல்பாக இருக்கிறதென்று
ஓஸ்லோவிலிருந்து இரண்டு கைதட்டல் பொம்மை வந்திருக்கிறது.
டெனிஸ் பிரியாணி சொல்கிறான்.

நான் மாடிப்படியில் நிற்கிறேன்.
ஜமீலாவுக்கு மணி போகிறது.
போனை அழுத்திப் பிடித்ததில்
தோடு உறுத்துகிறது,
அந்த ஒரு கிராம்.